அத்தியாயம் 5: கிடங்கு முதல் கவுண்ட்டர் வரை – ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மருந்து வரும் வழி

தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் புதிதாகப் பணியில் சேரும் மருந்தாளுநரை மனதில் வைத்து இந்த அத்தியாயம் எழுதப்பட்டிருக்கிறது. மருந்தாளுநர் பணியிடம் காலியாக இருப்பதால் அந்த வேலையையும் சேர்த்துப் பார்க்கும் செவிலியருக்கும், கையெழுத்திடும் மருத்துவ அலுவலருக்கும் இது பொருந்தும். எந்த மாத்திரை எதற்கு என்பது நீங்கள் டிப்ளமோவிலேயே படித்ததுதான். அந்த மாத்திரையை யார் வாங்குகிறார்கள், எங்கே சோதிக்கிறார்கள், கிடங்கில் பெட்டி அடுக்கியிருந்தும் ஏன் காத்திருக்கச் சொல்கிறார்கள், நீங்கள் இண்டென்டில் எழுதும் எண் எங்கே போய்ச் சேருகிறது என்பவற்றைக் கல்லூரியில் யாரும் சொல்லித் தருவதில்லை. வேலையில் சேர்ந்த முதல் மாதமே இவை தேவைப்படும்.

அத்தியாயம் முழுவதற்கும் பொதுவான ஒரு செய்தியை முதலிலேயே சொல்லிவிடலாம். அரசு மருந்து விநியோகம் சென்னையில் தொடங்குவதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது உங்கள் இருப்புப் பதிவேட்டில் தொடங்குகிறது. மாநிலம் முழுவதற்கும் எவ்வளவு வாங்க வேண்டும் என்ற கணக்கு, உங்களைப் போன்றவர்கள் எழுதும் சிறிய எண்களைக் கூட்டித்தான் போடப்படுகிறது. அந்த எண் பிசகினால் மேலே எத்தனை நல்ல ஏற்பாடு இருந்தாலும் கவுண்ட்டரில் "மருந்து இல்லைம்மா" என்று நீங்கள்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

வாங்குவது யார்?

முன்பெல்லாம் மருத்துவக் கல்வி, மருத்துவப் பணிகள், பொது சுகாதாரம் என்று ஒவ்வோர் இயக்குநரகமும் தனித்தனியே மருந்து வாங்கியது. ஒரே மாத்திரைக்கு வெவ்வேறு விலை, ஓரிடத்தில் தட்டுப்பாடு, இன்னோரிடத்தில் காலாவதியாகும் குவியல் என்ற நிலைக்கு அந்த முறையில் நிறையவே இடமிருந்தது. இதை மாற்றத் தமிழ்நாடு அரசு 1994 ஜூலையில் தனியாக ஒரு நிறுவனத்தைப் பதிவு செய்தது. அதுதான் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். அலுவலகப் பேச்சில் டி.என்.எம்.எஸ்.சி. ஆர்.பூரணலிங்கம் ஐ.ஏ.எஸ். அதன் முதல் நிர்வாக இயக்குநர். 1995 தொடக்கத்திலிருந்து மாநிலத்தின் அரசு மருத்துவமனைகளுக்கு அது மருந்து வழங்கி வருகிறது. பிறகு கேரளமும் ராஜஸ்தானும் இதே வழியில் தங்களுக்கென மருத்துவப் பணிகள் கழகங்களை அமைத்துக்கொண்டன.

கழகம் வாங்கும் முறையில் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை மூன்று.

ஒன்று, பட்டியல். சந்தையில் கிடைக்கும் எல்லா மருந்தையும் அது வாங்குவதில்லை. அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளவற்றை மட்டும், வணிகப் பெயர் இல்லாமல் மூலப்பெயரில் வாங்குகிறது. உலக சுகாதார நிறுவனம் 1977-இல் வெளியிட்ட முதல் பட்டியலிலிருந்து தொடங்கும் வழக்கம் இது. இந்திய அரசின் தேசியப் பட்டியல் 1996-இல் முதன்முதலாக வந்தது. 2022-இல் வந்த பட்டியலில் 384 மருந்துகள் இருக்கின்றன. "டாக்டர் எழுதிய கம்பெனி மாத்திரை வேண்டும்" என்று கேட்டு வருபவருக்கு, உள்ளே இருக்கும் மருந்து அதேதான் என்று விளக்கிச் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

இரண்டு, டெண்டர். இரண்டு உறைகளாக ஒப்பந்தப்புள்ளி பெறுகிறார்கள். முதல் உறையில் நிறுவனத்தின் உரிமம், தரமான உற்பத்தி முறைக்கான சான்று, சந்தை அனுபவம், ஆண்டு விற்றுமுதல் போன்ற விவரங்கள் இருக்கும். அதில் தேறியவர்களின் விலை உறையைத்தான் பிறகு திறப்பார்கள். விலை குறைவு என்பதற்காக மட்டும் தகுதியில்லாத நிறுவனம் நுழைந்துவிடாமல் தடுக்கும் ஏற்பாடு இது. மாநிலம் முழுவதற்கும் மொத்தமாக வாங்குவதால் வெளிச்சந்தையைவிட விலை வெகுவாகக் குறைகிறது.

மூன்று, உறை. மாத்திரைகள் ஸ்ட்ரிப்பில் வருகின்றன. ஒவ்வொரு ஸ்ட்ரிப்பிலும் தமிழ்நாடு அரசு வழங்கல், விற்பனைக்கு அல்ல என்று அச்சிட்டிருக்கும். டின்னில் கொட்டி வைத்த மாத்திரையை எண்ணிக் காகிதத்தில் மடித்துத் தந்த காலத்தோடு ஒப்பிட்டால் ஈரம் படுவதும் கலந்துபோவதும் குறைந்துவிட்டன. திருட்டுத்தனமாக வெளியே விற்பதும் கடினமாகிவிட்டது. ஸ்ட்ரிப்பை வெட்டிக் கொடுக்க நேர்ந்தால் பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் உள்ள பகுதியைக் கடைசிவரை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டி இருந்தும் தராத காரணம்

மாவட்டக் கிடங்குக்கு முதல்முறை போகிறவர்களுக்கு இது புரியாது. எதிரே பாராசிட்டமால் பெட்டிகள் கூரைவரை அடுக்கியிருக்கும். கிடங்குப் பொறுப்பாளரோ "இந்த பேட்ச் தர முடியாது சார், ரிசல்ட் வரவில்லை" என்பார். அவர் சொல்வது சரிதான்.

நிறுவனம் அனுப்பும் ஒவ்வொரு பேட்ச்சிலிருந்தும் கிடங்கில் மாதிரி எடுத்துத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புகிறார்கள். பல கிடங்குகளுக்கு வந்த ஒரே பேட்ச்சின் மாதிரிகளை அங்கே ஒன்றாகச் சேர்த்து, தயாரித்த நிறுவனத்தின் பெயரை மறைத்து, குறியீட்டு எண் மட்டும் கொடுத்து, அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். எந்த நிறுவனத்தின் மாத்திரையைச் சோதிக்கிறோம் என்பது ஆய்வகத்துக்குத் தெரியாது. தேறியது என்று முடிவு வரும்வரை அந்தப் பெட்டிகள் தனியே நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும். தேறாத பேட்ச்சைத் திருப்பி எடுத்துக்கொள்வது நிறுவனத்தின் பொறுப்பு. தொடர்ந்து தவறினால் கருப்புப் பட்டியலில் சேர்க்கப்படும்.

இதிலிருந்து உங்களுக்கு இரண்டு வேலைகள் வருகின்றன. முதலாவது, "கிடங்கில் இல்லை" என்பதையும் "சோதனையில் இருக்கிறது" என்பதையும் பிரித்துக் கேளுங்கள். சோதனையில் இருந்தால் சில நாளில் கிடைக்கும். அதுவரை பக்கத்து நிலையத்திலிருந்து கைமாற்றிக்கொள்ளலாம். இல்லவே இல்லை என்றால் நடவடிக்கை வேறு. இரண்டாவது, விநியோகப் பதிவேட்டில் பேட்ச் எண்ணை விடாமல் எழுதுங்கள். வழங்கிய பிறகு ஒரு பேட்ச்சைப் பற்றிப் புகார் எழுந்து "நிறுத்தி வையுங்கள்" என்று சுற்றறிக்கை வந்தால், யாருக்கு எது போனது என்பதை அந்த எண் இருந்தால்தான் சொல்ல முடியும்.

பாஸ்புக்: அதில் இருப்பது பணம்

ஒவ்வொரு நிலையத்துக்கும் ஆண்டுக்கு இவ்வளவு ரூபாய் மதிப்புக்கு மருந்து எடுக்கலாம் என்று ஒதுக்கீடு உண்டு. கிடங்கிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு மருந்தின் மதிப்பும் அதிலிருந்து கழியும். வங்கிக் கணக்குப் புத்தகம் போலவே வரவும் செலவும் மீதியும் எழுதப்படுவதால் இதற்குப் பாஸ்புக் என்று பெயர். இப்போது கணினியிலும் பதிவு நடக்கிறது. கணக்கின் தர்க்கம் மாறவில்லை.

இந்த முறையின் பலன், எந்த மருந்து வேண்டும் என்பதை நிலையமே தீர்மானிக்கிறது என்பதுதான். மேலிருந்து தள்ளிவிடும் மருந்தை வாங்கி அடுக்கி வைக்க வேண்டியதில்லை. அதே காரணத்தால் பொறுப்பும் உங்கள் தலையில் விழுகிறது. ஏப்ரலில் கண்டபடி எடுத்துவிட்டு ஜனவரியில் மீதி இல்லாமல் நிற்பதும் நடக்கிறது. பயந்துகொண்டு எடுக்காமலே மார்ச்சில் பெரிய மீதியோடு நிற்பதும் நடக்கிறது. இரண்டாவதைச் சிக்கனம் என்று யாரும் பாராட்ட மாட்டார்கள். அந்த நிலையத்துக்கு அவ்வளவு தேவை இல்லை என்றே அந்த மீதி பொருள்படும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை மருத்துவ அலுவலரோடு உட்கார்ந்து, எந்தப் பத்து மருந்துகள் ஒதுக்கீட்டில் பெரும்பங்கைத் தின்கின்றன என்று பாருங்கள். மாத்திரை போதுமான இடத்தில் சிரப் போகிறதா, வாய்வழி மருந்து போதுமான இடத்தில் ஊசி போகிறதா என்பது அப்போது தெரிந்துவிடும்.

தேவைக் கணக்கு: இண்டென்ட் எழுதும் முறை

இந்த அத்தியாயத்தில் நின்று படிக்க வேண்டிய பகுதி இது. ஒரு உதாரணக் கணக்கு போட்டுப் பார்ப்போம்.

மருந்து: அம்லோடிபின் 5 மி.கி., இரத்த அழுத்தத்துக்கு. ஜூலையில் 6,000 மாத்திரை செலவானது. ஆகஸ்டில் 6,300. செப்டம்பர் 1 முதல் 14 வரை இருப்பு பூஜ்யம். 15-ஆம் தேதி 7,500 வந்து, மாத முடிவுக்குள் 3,200 செலவானது. மாதக் கடைசியில் கையிருப்பு 4,300.

பலரும் போடும் கணக்கு இப்படி இருக்கும்: 6,000, 6,300, 3,200 மூன்றையும் கூட்டினால் 15,500. அடுத்த மூன்று மாதத்துக்கும் அதுவே தேவை என்று வைத்து, கையிருப்பு 4,300-ஐக் கழித்து, 11,200 என்று இண்டென்ட் எழுதிவிடுவார்கள்.

பிழை செப்டம்பரில் இருக்கிறது. அந்த மாதம் 3,200 மாத்திரை 16 நாளில் செலவானது. நாளொன்றுக்கு 200. முழு மாதமும் மருந்து இருந்திருந்தால் 6,000 போயிருக்கும். ஆகவே சரியான மூன்று மாதத் தேவை 6,000 + 6,300 + 6,000 = 18,300. கையிருப்பைக் கழித்தால் எழுத வேண்டிய எண் 14,000.

இரண்டு எண்களுக்கும் இடையே 2,800 மாத்திரை வித்தியாசம். நாளுக்கு ஒரு மாத்திரை என்றால் 93 பேருடைய ஒரு மாத மருந்து அது. மருந்து இல்லாத நாளைச் செலவில்லாத நாளாக எழுதினால், ஒருமுறை வந்த தட்டுப்பாடு அடுத்த காலாண்டுக்கும் சேர்ந்தே எழுதப்படுகிறது. அடுத்த முறை இன்னும் குறையும். இப்படித்தான் சில நிலையங்களில் ஒரே மருந்து ஆண்டு முழுவதும் தட்டுப்பாட்டிலேயே இருக்கிறது.

ஆகவே இருப்புப் பதிவேட்டில் பூஜ்யம் தொட்ட தேதியையும் மீண்டும் வந்த தேதியையும் சிவப்பு மையில் குறித்து வையுங்கள்.

இந்தக் கணக்கைச் சரிபார்க்க இன்னொரு வழியும் உண்டு. தொற்றா நோய்ப் பதிவேட்டை எடுத்து, அம்லோடிபின் எடுப்பவர்கள் எத்தனை பேர், ஒவ்வொருவருக்கும் நாளுக்கு எத்தனை என்று கூட்டுங்கள். 200 பேர், நாளுக்கு ஒன்று என்றால் 30 நாளுக்கு 6,000. பதிவேட்டுக் கணக்கும் செலவுக் கணக்கும் ஏறக்குறைய ஒத்துப்போனால் நிம்மதி. பெரிய வித்தியாசம் இருந்தால் ஒன்று நோயாளிகள் வராமல் நின்றிருக்கிறார்கள், அல்லது பதிவு விட்டுப்போயிருக்கிறது. இரண்டும் மருத்துவ அலுவலருக்குத் தெரிய வேண்டியவை.

இங்கே "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய இந்தத் திட்டத்தில், தன்னார்வலர்கள் இரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோய்த் தருகிறார்கள். அவர்கள் உங்களிடமிருந்து வாங்கிப் போகும் அளவு வேறு, வீடுகளில் உண்மையில் கொடுத்த அளவு வேறு. ஊருக்குப் போனவர்கள், பூட்டிய வீடுகள் என்று மாத்திரை மீண்டு வரும். திரும்பி வந்ததை வரவு வைத்த பிறகே செலவை எழுதுங்கள்.

பருவத்தையும் மறக்காதீர்கள். வடகிழக்குப் பருவமழையோடு காய்ச்சல் கூடும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதற்கான பாராசிட்டமால், ஓ.ஆர்.எஸ்., சலைன் ஆகியவற்றை செப்டம்பர் இண்டென்டிலேயே எழுதியிருக்க வேண்டும். நவம்பரில் எழுதினால் மாவட்டம் முழுவதும் உங்களோடு வரிசையில் நிற்கும்.

தட்டுப்பாட்டுக்குப் பயந்து கூட்டி எழுதும் பழக்கமும் உண்டு. "நூறு கேட்டால் அறுபதுதான் வரும், அதனால் நூற்றைம்பது கேள்" என்பது பழைய ஆட்கள் தரும் அறிவுரை. எல்லோரும் அப்படிக் கேட்டால் கிடங்குக்காரர் எல்லோரையும் வெட்டுவார். உண்மையாக எழுதியவரும் சேர்ந்தே வெட்டுப்படுவார். கேட்டதெல்லாம் வந்துவிட்டாலோ உங்கள் அலமாரியில் காலாவதியாகும். செலவுக் கணக்கைப் பின்னிணைப்பாக வைத்து அனுப்பும் இண்டென்டை வெட்டுவது கடினம் என்பது அனுபவத்தில் தெரியும்.

கிடங்குக்குப் போகும் நாள்

குறித்த நாளில் போங்கள். தவறவிட்டால் வண்டி மீண்டும் கிடைப்பது உங்கள் கையில் இல்லை. பெட்டியை வண்டியில் ஏற்றுவதற்கு முன்பே பார்க்க வேண்டியவை:

1. மருந்தின் பெயர், வீரியம். 5 மி.கி.க்குப் பதில் 2.5 மி.கி. வந்திருந்தால் அங்கேயே தெரிந்துவிட வேண்டும்.
2. பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் வழங்கல் சீட்டோடு ஒத்துப்போகின்றனவா.
3. எண்ணிக்கை. திறந்த பெட்டியை எண்ணாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.
4. காலாவதிக்கு இன்னும் எத்தனை மாதம். உங்கள் மாதச் செலவால் வகுத்துப் பாருங்கள்; முடிக்க முடியாத அளவை அன்பளிப்பாகத் தந்தாலும் வாங்காதீர்கள்.
5. குளிரில் வைக்க வேண்டியவற்றுக்கு ஐஸ் பேக் வைத்த பெட்டி கையோடு இருக்கிறதா.

அடுக்குவதும் குளிரூட்டுவதும்

முதலில் வந்தது முதலில் போக வேண்டும் என்பது பொதுப் பேச்சு. மருந்துக்கு அது போதாது; முதலில் காலாவதியாவது முதலில் போக வேண்டும். புதிய பெட்டி பின்னால், விரைவில் காலாவதியாவது முன்னால். பெட்டிகள் தரையையும் சுவரையும் தொடக்கூடாது.

இன்சுலின், பிரசவத்தில் பயன்படும் ஆக்சிடோசின் போன்றவற்றை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைக்க வேண்டும். இடம் இருக்கிறதே என்று இவற்றைத் தடுப்பூசிக்கான ஐ.எல்.ஆர். பெட்டியில் வைக்கக்கூடாது, அது தடுப்பூசிக்கு மட்டுமே உரியது. மருந்தகக் குளிர்பெட்டியில் உறைநிலைப் பகுதிக்கு ஒட்டி வைக்காதீர்கள். ஒருமுறை உறைந்து உருகிய இன்சுலின் பார்ப்பதற்குச் சரியாகத் தெரியலாம், அதைத் தரக்கூடாது. வெப்பநிலையைக் காலையும் மாலையும் எழுதுங்கள். நேற்றைய எண்ணைப் பார்த்து இன்றைக்கு எழுதும் பழக்கம் எங்கேயும் உண்டு. மின்வெட்டு நீண்ட நாளில் அந்தப் பழக்கம்தான் ஒருவருக்குக் கெட்டுப்போன மருந்தைக் கொடுத்துவிடும்.

பாம்புக்கடி மருந்து

மற்ற மருந்துகளில் ஒன்று குறைந்தால் நோயாளியை நாளை வரச் சொல்லலாம். இதில் முடியாது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கின் நஞ்சுக்கும் பொதுவான எதிர்மருந்துதான் இந்தியா முழுவதும் வழங்கப்படுகிறது. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், மருந்து தயாரிக்கும் நிறுவனங்களுக்கு இந்த நஞ்சை வழங்கி வருகிறது.

நஞ்சு ஏறிய அறிகுறி உள்ளவருக்குத் தொடக்கத்திலேயே 8 முதல் 10 குப்பி வரை தேவைப்படும். குழந்தைக்கும் அதே அளவுதான். நஞ்சின் அளவு குழந்தைக்கென்று குறைவதில்லை. ஆகவே பதிவேட்டில் "இருப்பு 3" என்று எழுதியிருந்தால் உங்கள் நிலையத்தில் பாம்புக்கடி மருந்து இல்லை என்றே கொள்ளுங்கள். ஒரு நோயாளிக்கான முழு அளவுக்குக் கீழே இறங்கியவுடன் கிடங்குக்கும் மருத்துவ அலுவலருக்கும் சொல்லிவிட வேண்டும். ஒவ்வாமை ஏற்பட்டால் கொடுக்க அட்ரினலின் ஊசியும் அதே தட்டில் இருக்கட்டும்.

இந்த வழியில் வராதவை

எல்லா மருந்தும் பாஸ்புக்கில் வருவதில்லை. தடுப்பூசிகள் மத்திய அரசின் தடுப்பூசித் திட்டத்தின்கீழ் தனி வழியில், மாநில, மண்டலக் குளிர்சாதனக் கிடங்குகள் வழியாக வருகின்றன. காசநோய் மருந்துக்குக் காசநோய் ஒழிப்புத் திட்டமும், எச்.ஐ.வி. கூட்டு மருந்துக்கு எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பும் தனித்தனி வழிகள். இவற்றைச் சாதாரண இண்டென்டில் எழுதினால் கிடங்கில் வெட்டிவிடுவார்கள். நீங்கள் எழுதிவிட்டதாக நினைத்துக் காத்திருப்பீர்கள். எந்த மருந்துக்கு யாரிடம் கேட்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி மருந்தகச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகங்களும், மத்திய அரசின் மக்கள் மருந்தகங்களும் குறைந்த விலைக்கு விற்கும் கடைகள். அவை உங்கள் நிலையத்தின் விநியோக வழியில் சேரா. இங்கே இலவசமாகக் கிடைக்க வேண்டிய மருந்துக்கு நோயாளியை அங்கே அனுப்புவது முறையல்ல.

கிடங்கிலும் இல்லை என்றால்

வரிசை இதுதான்: முதலில் அதே வட்டாரத்தின் மற்ற நிலையங்களைக் கேளுங்கள், கைமாற்றுக்கு இரு பக்கமும் எழுத்துப் பதிவு வேண்டும். அடுத்து, பட்டியலில் உள்ள மாற்று மருந்து பொருந்துமா என்று மருத்துவ அலுவலரிடம் கேளுங்கள். மாற்றும் முடிவு அவருடையது. அதுவும் இல்லையென்றால் இருப்பு இல்லை என்று கிடங்கிலிருந்து எழுத்தில் பெற்று, உள்ளூர்க் கொள்முதல் கேளுங்கள். அதற்கென்று உள்ள தொகை சிறியது. அவசர மருந்துக்காக வைக்கப்பட்டது. விதிப்படி விலைப்புள்ளி வாங்கி, பில்லில் பேட்ச் எண்ணும் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

வாய்வார்த்தையாகச் சொன்ன தட்டுப்பாடு எந்தக் கணக்கிலும் ஏறாது. மாவட்ட சுகாதார அலுவலருக்கு எழுதும் ஒரு பக்கக் கடிதத்தில் மருந்தின் பெயர், பூஜ்யம் ஆன தேதி, திரும்பிப்போன நோயாளிகளின் எண்ணிக்கை மூன்றும் இருந்தால் போதும்.

காலாவதி

மாதக் கடைசியில் அலமாரியைப் புரட்டி, மூன்று மாதத்துக்குள் காலாவதியாகும் மருந்துகளைப் பட்டியலிடுங்கள். செலவழிக்க முடியாதது எவ்வளவு என்று தெரிந்ததும், அதிகம் செலவாகும் நிலையத்துக்கு மாற்றக் கேளுங்கள். ஏற்கெனவே காலாவதியானதைத் தனிப்பெட்டியில் பூட்டி, "வழங்கக் கூடாது" என்று எழுதி, இருப்பிலிருந்து முறைப்படி கழியுங்கள். 2016-ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு விதிகளின்படி அது மஞ்சள் வகைக் கழிவு. பின்புறம் குழி தோண்டிப் புதைப்பதும் எரிப்பதும் குற்றம்.

காலாவதிப் பட்டியலை மறைக்கத் தோன்றும். மறைக்காதீர்கள். எந்த மருந்தை அளவுக்கு மேல் கேட்டோம் என்பதை அந்தப் பட்டியல் சொல்லிவிடும். அடுத்த இண்டென்டைத் திருத்த அதைவிட நல்ல சான்று கிடைக்காது.

டெண்டர் முறை, ஆய்வகம், கிடங்கு எல்லாம் முப்பது ஆண்டுகளாக நின்று ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றை நீங்கள் மாற்ற வேண்டியதில்லை, மாற்றவும் முடியாது. உங்கள் கையில் இருப்பது இருப்புப் பதிவேடும் இண்டென்டும்தான். இருப்பு பூஜ்யம் ஆன நாளை மறைக்காமல் எழுதுங்கள், செலவை உள்ளபடி எழுதுங்கள், தேவையைக் கூட்டாமலும் குறைக்காமலும் கேளுங்கள். வேறெந்தத் திறமையும் இல்லாமலே நல்ல மருந்தாளுநர் என்று பெயர் வாங்க இது போதும்.